மாமல்லபுரத்துக் கற்பலகைச் சிற்பங்களும் சிறு சிலைகளும்

மாமல்லபுரத்துக் கற்பலகைச் சிற்பங்கள் என்பவை செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை ஊரான மாமல்லபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கருங்கல்லிலும் மாக்கல்லிலும் செதுக்கப்படும் அலங்காரப் படைப்புகள் ஆகும். இவற்றைச் சுவரில் பதிப்பதற்கோ சாய்த்து வைப்பதற்கோ ஏற்ற புடைப்புப் பலகைகள், மேசையிலும் மாடத்திலும் வைக்கத்தக்க சிறு சிலைகள் என இரண்டாகப் பிரிக்கலாம். புராணக் கதைகள், நாட்டார் கதைகள், பல்லவர் காலச் சிற்பங்களின் காட்சிகள், தலைவர்களின் உருவங்கள் ஆகியன இவற்றின் பொருளாக அமைகின்றன. கோயிலில் நிறுவி வழிபடும் திருமேனிகளும் இதே பட்டறைகளில் உருவாகின்றன. ஆயினும் அவற்றுக்குரிய விதிகள் வேறு, அலங்காரச் சிற்பங்களுக்குரிய நடைமுறை வேறு.

இக்கலை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அறுபடாமல் வரும் தொழில் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் அது முழு உண்மையன்று. பாறைச் சிற்பங்கள் 7, 8 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றைச் சுற்றி எழுந்த கதைகளும் பெயர்களும் பிற்கால மக்கள் தந்தவை. இன்று கடைகளில் காணும் பலகையும் சிறு சிலையும் 1957 க்குப் பிறகு உருவான தொழிலின் விளைவு. இம்மூன்றும் சேர்ந்ததே மாமல்லபுரத்துச் சிற்பத் தொழில்.

பாறையில் எழுந்த மூலங்கள்

மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகப்பட்டினமாக விளங்கியது. முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரான மாமல்லன் என்பதிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவன் ஏறத்தாழ கி.பி. 630 முதல் 668 வரை ஆண்டவன். கடற்கரைக் கோயில், 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் காலத்தது. குடைவரைகளையும் ஒற்றைக்கல் கோயில்களையும் எந்த அரசன் எடுத்தான் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் இரா. நாகசாமி அவை அனைத்தும் இராசசிம்மன் எடுத்தவையே என்று வாதிட்டார்.

இன்றைய பலகைச் சிற்பங்களுக்கு மூலமாக அமைந்தவை பெரும்பாலும் புடைப்புச் சிற்பங்களே. அவற்றுள் முதன்மையானது அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறைச் சிற்பத் தொகுதி. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உடைய இத்தொகுதியின் நடுவே இயற்கையான ஒரு பிளவு உள்ளது. அதில் நாகர்கள் நீந்துவதாகச் செதுக்கியுள்ளனர். பிளவின் இருபுறமும் தேவர், முனிவர், வேடர், விலங்குகள் அனைவரும் அதை நோக்கி வருகின்றனர். ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவர் பாசுபதம் வேண்டும் அர்ச்சுனன் என்பது ஒரு கருத்து. கங்கையை நிலத்துக்குக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன் என்பது மற்றொரு கருத்து.

அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனும் ஆயர்பாடி வாழ்க்கையும் இடம்பெறுகின்றன. ஆயர் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் காட்சி இங்கே புகழ்பெற்றது. முதலில் திறந்தவெளிப் பாறையாக இருந்த இதற்கு விசயநகரர் காலத்தில்தான் முன்மண்டபம் எடுக்கப்பட்டது. வராகக் குடைவரையில் வராகர், திரிவிக்கிரமர், கஜலட்சுமி, கொற்றவை ஆகிய நான்கு பெரும் புடைப்புகள் உள்ளன. மகிடாசுரமர்த்தினி குடைவரையில் எதிரெதிர்ச் சுவர்களில் தேவியின் போரும் அனந்தசயனமும் காட்டப்பட்டுள்ளன. ஆதிவராகக் குடைவரையில் பல்லவ அரசர்களின் உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளன. தெய்வங்களோடு ஆண்ட மன்னர்களையும் சுவரில் பதித்த இடம் அது.

பிற்காலச் சிற்பிகள் இக்காட்சிகளைப் பலகைக்குள் அடக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல்லவச் சிற்பி ஒவ்வொரு காட்சியையும் ஓர் எல்லைக்குள் தனித்தனியாக அமைத்திருந்தான். பெருந்தொகுதியிலும்கூட யானைக் கூட்டம், தவமிருக்கும் பூனை, பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மான் என ஒவ்வொன்றையும் பிரித்து எடுத்துத் தனிச் சிற்பமாக்கலாம். பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம் பல்லவர் காலத்திலேயே தனிக்கல்லில் முழு உருவமாகச் செதுக்கப்பட்டது. இன்று சிறு சிலையாக விற்கும் உருவங்களில் அதுவும் ஒன்று.

மக்கள் வைத்த பெயர்கள்

மாமல்லபுரத்தில் சின்னங்களுக்கு இன்று வழங்கும் பெயர்கள் பலவும் கல்வெட்டில் காணப்படாதவை. தருமராசர் ரதம், பீமன் ரதம், அர்ச்சுனன் ரதம், திரௌபதி ரதம், நகுல சகாதேவ ரதம் ஆகியவை பாண்டவரோடு தொடர்புடையவை அல்ல. அவை தேரும் அல்ல, ஒற்றைக் கல்லில் செதுக்கிய கோயில் வடிவங்கள். ஊர் மக்கள் பாரதக் கதையைக் கொண்டு அவற்றுக்குப் பெயரிட்டனர். சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை ஆயிற்று. சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் சூழ அமைந்த மேடை புலிக்குகை ஆயிற்று. தருமராசருக்கு ஒரு சிம்மாசனமும் கிடைத்தது.

வட தமிழ்நாட்டில் பாரதக் கூத்தும் திரௌபதி அம்மன் வழிபாடும் ஆழமாக வேரூன்றியவை. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் தபசு என்பது தனிச் சடங்காகவே நடத்தப்படுகிறது. உயர்ந்த கம்பத்தின் உச்சிக்கு அர்ச்சுனன் வேடமிட்டவர் ஏறித் தவம் செய்வார். அதைக் கண்டு பழகிய கண்களுக்குப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

18 ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் இக்கதைகளையே முதலில் எழுதிவைத்தனர். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772 லும் 1776 லும் வந்து பார்த்தார். அவரது கட்டுரை 1788 இல் ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வெளியாயிற்று. மகாபலியின் மரபில் வந்ததாகச் சொல்லப்பட்ட அரசன் ஒருவன் தேவலோகம் சென்று திரும்பியதையும், அதற்கு நிகராகத் தன் நகரை அழகுபடுத்தியதையும், பொறாமை கொண்ட இந்திரன் கடலை ஏவி நகரை மூழ்கடித்ததையும் உள்ளூரார் சொல்லக்கேட்டு அவர் பதிவு செய்தார். மாலுமிகள் இவ்விடத்தை ஏழு கோயில்கள் என்று அழைத்துவந்தனர். அப்பெயருக்கும் கடல்கொண்ட நகரின் கதை துணை நின்றது. மகாபலிபுரம் என்ற பெயர் வழக்கும் மகாபலிக் கதையை ஒட்டியதே.

2002 இல் கடலடியில் நடந்த ஆய்வில் கட்டுமான எச்சங்கள் காணப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மணல் விலகி, மறைந்திருந்த சில சிற்பங்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் அதையடுத்து நடந்த அகழாய்வில் பழைமையான முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. நாட்டார் கதை முழுவதும் வரலாறாகிவிடவில்லை. எனினும் அக்கதையில் கடல் பற்றிய நினைவு ஒன்று இருந்ததை இவை காட்டின.

செதுக்கியவர் பெயர்

கதைகளும் அரசர்களின் பட்டப்பெயர்களும் இவ்வளவு நிறைந்த ஊரில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன.

மாமல்லபுரத்துக்கு மேற்கே பூஞ்சேரியில் ஒரு சிறு பாறை இருக்கிறது. ஊரார் அதை நொண்டி வீரப்பன் தொட்டில் என்று அழைப்பர். அப்பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன் ஆகியன அவற்றுள் சில. இவை மாமல்லபுரத்தில் பணிபுரிந்த தச்சர், கல்தச்சர், கொல்லர் ஆகியோரின் பெயர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். உளி இல்லாமல் சிற்பம் இல்லை, கொல்லன் இல்லாமல் உளி இல்லை. கருங்கல்லில் வேலை செய்யும்போது உளியின் முனை விரைவில் மழுங்கும். அதை உலையில் காய்ச்சி அடித்துத் துவைச்சல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே கல்தச்சரோடு கொல்லனின் பெயரும் பொறிக்கப்பட்டது பொருத்தமே.

இலக்கியத்திலிருந்து இன்னொரு பெயர் கிடைக்கிறது. வடமொழிப் புலவர் தண்டி தமது அவந்திசுந்தரி கதையில், மாமல்லபுரத்துக் கடற்கரையில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை இலளிதாலயர் என்ற சிற்பி ஒட்டுத் தெரியாதபடி சேர்த்ததாகக் குறிப்பிடுகிறார். அச்சிற்பி புகழப்படுவது புதிதாகச் செதுக்கியதற்காக அன்று, பழுது பார்த்த திறத்துக்காக.

இவ்விரு சான்றுகளைத் தவிர்த்தால் இங்குள்ள பெருஞ்சிற்பங்களைச் செய்தவர் யார் என்று சொல்லப் பெயர்கள் இல்லை.

நீண்ட இடைவெளி

பல்லவர் ஆட்சி 9 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிவுற்றது. அதன் பின்னும் ஊர் வாழ்ந்தது. கடற்கரைக் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் நடுவேயுள்ள தலசயனப் பெருமாள் கோயில் விசயநகரர் காலத்தில் இன்றைய வடிவைப் பெற்றது. முற்றுப்பெறாத இராயகோபுரமும் அக்காலத்ததே. ஆகவே கல்வேலை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல இயலாது. எனினும் பல்லவச் சிற்பிகளின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வூரிலேயே உளி பிடித்து வந்தனர் என்பதற்குத் தொடர்ச்சியான சான்று கிடையாது. சேம்பர்சும், 1798 இல் இவ்விடம் பற்றி எழுதிய கோல்டிங்காமும் பழஞ்சின்னங்களைப் பற்றியே எழுதினர். சிற்பப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்ற இன்றைய தோற்றம் அக்காலத்துக்குரியது அன்று.

சிற்ப மரபு பிற ஊர்களில் தொடர்ந்தது. தஞ்சை, குடந்தை, காரைக்குடி வட்டாரங்களில் கோயில் திருப்பணி செய்த விசுவகர்மக் குடும்பங்கள் நூலறிவையும் கைத்திறனையும் காத்துவந்தன. அம்மரபே 20 ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

1957: பயிற்சி மையம்

நாடு விடுதலை பெற்ற பின் மரபுக் கட்டடக்கலையும் சிற்பக்கலையும் நலிவதைத் தடுக்க, 1957 இல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. பிள்ளையார்பட்டிச் சிற்பக் குடும்பத்தைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக விளங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி ஏறத்தாழ 27 ஆண்டுகள் நிறுவனத்தை வழிநடத்தினார். பயிற்சி மையம் வளர்ந்து அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி ஆயிற்று. கற்சிற்பத்தோடு உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் சிற்பம் செய்தலும், மரபு ஓவியமும், கோயில் கட்டடக்கலையும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன.

இதனால் இரு மாற்றங்கள் ஏற்பட்டன. முதலாவது, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்ற கல்வி வகுப்பறைக்கு வந்தது. சிற்பக் குடும்பத்தில் பிறவாத இளைஞரும் அதைக் கற்க வழி பிறந்தது. இரண்டாவது, படித்து முடித்தவர்கள் பலர் ஊர் திரும்பாமல் மாமல்லபுரத்திலேயே பட்டறை அமைத்தனர். அவர்களிடம் உள்ளூர் இளைஞர்கள் வேலை பழகினர். கல்லூரிக்குள் நுழையாமலேயே தொழில் கற்ற ஒரு தலைமுறை இவ்வாறு உருவாயிற்று. ஐந்து ரதம் செல்லும் சாலையில் இன்று இருபுறமும் கேட்கும் உளியோசை இத்தலைமுறைகளுடையது.

தெய்வத் திருமேனிகளைத் தாண்டிக் கதைக்காட்சிகளைக் கல்லில் வடிக்கும் வாய்ப்பும் கல்லூரிச் சிற்பிகளுக்குக் கிடைத்தது. பூம்புகாரில் 1973 இல் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதையின் நிகழ்ச்சிகள் சுவரில் கற்பலகைகளாகப் பதிக்கப்பட்டுள்ளன. கணபதி ஸ்தபதியின் வழிகாட்டலில் மாமல்லபுரச் சிற்பிகள் அவற்றைச் செதுக்கினர். வழிபாட்டுக்கு அல்லாமல், நின்று பார்த்துக் கதையை அறிவதற்காகவே செய்யப்பட்ட சுவர்ச்சிற்பங்கள் அவை. அடுத்துச் சென்னை வள்ளுவர் கோட்டமும், 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட குமரிமுனையின் 133 அடி உயர வள்ளுவர் சிலையும் கணபதி ஸ்தபதியின் பெயரை நிலைநாட்டின. அவர் 2009 இல் பத்மபூசண் விருது பெற்று, 2011 இல் மறைந்தார்.

கோயில் சிலையிலிருந்து வீட்டுச் சுவருக்கு

கோயில் திருப்பணி ஆண்டு முழுவதும் சீராகக் கிடைக்கும் வேலை அன்று. ஒரு பெரிய திருமேனி முடியப் பல மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் பட்டறையை நடத்தச் சிறிய பொருள்கள் உதவின. 1984 இல் யுனெஸ்கோ மாமல்லபுரத்துச் சின்னங்களை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவாக்கப்பட்ட பின் சென்னையிலிருந்து ஒருநாள் பயணமாக வருவோர் பெருகினர். மார்கழியில் நடைபெறும் நாட்டிய விழாவும் வெளிநாட்டாரை ஈர்த்தது. இவர்கள் கையோடு எடுத்துச் செல்லத்தக்க எடையிலும் அளவிலும் சிற்பங்கள் தேவைப்பட்டன.

மாக்கல் இதற்கு வழிகோலியது. அது மென்மையானது, விரைவில் வடிவுக்கு வரும், சிறு உளியும் அரமும் போதும். ஆனால் எளிதில் கீறல் விழும். கருங்கல் கடினமானது, வெயில் மழைக்கு அஞ்சாதது, எடை மிகுந்தது. ஆகவே கைப்பைக்குள் அடங்கும் யானை, ஆமை, பிள்ளையார் போன்றவை மாக்கல்லிலும், வீட்டு முகப்புச் சுவருக்கும் தோட்டத்துக்கும் உரிய பலகைகள் கருங்கல்லிலும் செய்யப்படலாயின. விடுதிகள், அலுவலகங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் வரவேற்புக் கூடங்களில் பெரிய கற்பலகைகளைப் பதிப்பதும் வழக்கமாயிற்று.

இத்தகைய வளர்ச்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சாவூர்க் கலைத்தட்டும் தலையாட்டிப் பொம்மையும் அன்பளிப்பாகவும் நினைவுப் பொருளாகவும் பெயர் பெற்றவையே. காஞ்சிபுரத்தில் கொலுவுக்காகச் செய்யும் மண், காகிதக்கூழ்ப் பொம்மைகள் கதைத் தொகுதிகளாகவே விற்பனையாகின்றன. மாமல்லபுரத்தின் தனித்தன்மை, மூலச்சிற்பமும் அதன் சிறுவடிவமும் ஒரே தெருவில் இருப்பதுதான். வாங்குபவர் பாறையைப் பார்த்துவிட்டு வந்து பலகையை எடுத்துப் பார்க்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு எதிரே சிற்பி நிற்கவேண்டியுள்ளது.

பலகைகள் சொல்லும் கதைகள்

தவமிருக்கும் பூனை மிகவும் விரும்பப்படும் கருப்பொருள்களுள் ஒன்று. பெரும் பாறைச் சிற்பத்தில் தவசியைப் போலவே முன்கால்களை உயர்த்திப் பூனை நிற்க, எலிகள் அச்சமின்றிச் சுற்றி இருக்கின்றன. தவவேடமிட்டு எலிகளை நம்பவைத்து உண்ட பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. வாய்மொழிக் கதையாகவும் பல வடிவங்களில் வழங்குகிறது. மாபெரும் தவத்தைக் காட்டும் பாறையிலேயே பொய்த்தவத்தையும் சிற்பி வைத்துள்ளான். இது நகைச்சுவையா, தவத்தின் முன் பகையும் மறையும் என்ற கருத்தா என்பதில் இருவேறு விளக்கங்கள் உள்ளன. தனிப்பலகையாகப் பிரித்து எடுக்கும்போது முதல் விளக்கமே மேலோங்குகிறது. மூலத்தின் பொருள் பிரதியில் எவ்வாறு சுருங்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கஜலட்சுமிப் பலகை வாயில் நிலைக்கு மேல் பதிக்கப்படுகிறது. கன்றை நக்கும் பசு வீட்டுக்கூடத்துக்கும், அனந்தசயனம் அகலமான சுவருக்கும் பொருந்தும். புத்தர், நடராசர், வள்ளுவர், பாரதியார் உருவங்களும் கேட்போருக்கேற்பச் செய்யப்படுகின்றன. பிள்ளையாரை வீணை வாசிப்பவராகவும், சாய்ந்து படிப்பவராகவும், மட்டை பிடிப்பவராகவும் செதுக்குவர். ஆகமத்தில் இடமில்லாத இவ்வுருவங்கள் அலங்காரத்துக்கு என்பதாலேயே ஏற்கப்படுகின்றன.

அளவும் செய்முறையும்

வழிபாட்டுத் திருமேனிக்குக் கல்லைத் தேர்வதே முதல் சோதனை. சுத்தியால் தட்டி எழும் ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று பிரிப்பர். கணீரென ஒலிக்கும் குற்றமற்ற கல்லே திருமேனிக்கு ஏற்றது. ஒலியற்ற கல் விக்கிரகத்துக்கு ஆகாது. அலங்காரப் பலகைக்கு இவ்விதி கட்டாயமில்லை. எனினும் உள்வெடிப்பு உள்ள கல் பாதி வேலையில் உடைந்துவிடும் என்பதால் தட்டிப் பார்க்கும் பழக்கம் பொதுவாக உள்ளது.

உருவத்தின் அளவு தாலம் என்னும் முறையால் அமைகிறது. ஒரு தாலம் 12 அங்குலம். நவதாலத்தில் உருவத்தின் உயரம் 108 பங்காகவும், உயர்ந்த தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் 124 பங்காகவும் பிரிக்கப்படும். இங்கே அங்குலம் என்பது அடிக்கோலில் உள்ள அங்குலம் அன்று. சிலையின் மொத்த உயரத்தைப் பிரித்துப் பெறும் ஒரு பங்கு. ஆதலால் ஆறடிச் சிலைக்கும் அரையடிச் சிலைக்கும் ஒரே கணக்கு பொருந்தும். பெரிய திருமேனி செய்யப் பழகிய கை, அதே இலக்கணத்தோடு உள்ளங்கை அளவுச் சிலையையும் செய்ய முடிவது இதனால்தான்.

கல்லைச் சதுரித்துச் சமன் செய்த பின் காவியால் கோடு வரைவர். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளவுகள் குறிக்கப்படும். பின்னணியைக் கழித்து உருவத்தை முன்னே கொண்டுவருவது அடுத்த படி. முகம், கை, அணிகலன் ஆகியவை பிறகு வரும். கருங்கல்லில் தவறாக ஒரு சில்லு பெயர்ந்தால் ஒட்டவைக்க முடியாது, அளவையே குறைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் தேய்த்து மெருகிடுவர். சிலர் பின்னணியை உளித்தழும்போடு விட்டு உருவத்தை மட்டும் மெருகிடுவர். அதனால் உருவம் கருத்தும் பின்னணி வெளிறியும் தோன்றும். கோயில் திருமேனிக்குக் கடைசியில் நடக்கும் கண்திறப்புச் சடங்கு அலங்காரச் சிற்பத்துக்குக் கிடையாது.

இயந்திரமும் அச்சும்

மின்சாரக் கல்வெட்டும் கருவிகளும் கடின உலோக முனையுள்ள உளிகளும் வந்தபின் வேலையின் வேகம் கூடியது. நாள்கணக்கில் உளியால் கழித்த பகுதியை இப்போது சக்கரம் சில மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. உலையில் உளி காய்ச்சும் வேலை குறைந்தது. ஆனால் தூசி பெருகியது. கருங்கல்லில் உள்ள படிகக்கல் துகளை நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற நோய் உண்டாகும். அதற்கு முழுமையான மருத்துவம் இல்லை. நீர் தெளித்து அறுத்தல், காற்றோட்டமான இடம், தரமான முகக்கவசம் ஆகியவையே காப்பு.

பிசினிலும் பளிங்குத்தூளிலும் அச்சில் வார்க்கப்படும் பலகைகள் வேறொரு சவால். அவை எடை குறைவு, விலை குறைவு, ஒன்றைப் போலவே நூறு செய்யலாம். கல்வண்ணம் பூசிவிட்டால் தொலைவிலிருந்து வேறுபாடு தெரியாது. கையில் எடுத்தால் எடையும் குளிர்ச்சியும் காட்டிக்கொடுக்கும். பின்புறத்தைப் பார்த்தால் கல்லில் உளித்தழும்போ அறுப்புக்கோடோ இருக்கும், வார்ப்பில் வழவழப்போ காற்றுக்குமிழ்க் குழியோ இருக்கும். வார்ப்புப் பொருளை வார்ப்பு என்று சொல்லி விற்பதில் தவறில்லை. கைவேலை என்று சொல்லி விற்கும்போதுதான் ஒரு மாத உழைப்பும் ஒரு மணி நேர வார்ப்பும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

வரிச் சட்டத்திலும் இக்கலையின் இருமுகம் தெரிந்தது. 2018 சூலையில் கல், பளிங்கு, மரம் ஆகியவற்றாலான தெய்வ உருவங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற கற்சிலைகளும் புடைப்புப் பலகைகளும் விலங்குருவங்களும் வரிக்கு உட்பட்டவையாகவே இருந்தன. ஒரே சிற்பி ஒரே கல்லில் செய்த பிள்ளையாருக்கு வரி இல்லை, தவமிருக்கும் பூனைக்கு வரி உண்டு என்ற நிலை இதனால் உண்டாயிற்று.

ஏற்பும் பெயர்ப் பதிவும்

உலகக் கைவினைக் கழகம் 2015 இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக ஏற்றது. 2017 இல் மகாபலிபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கு சந்தித்தபோது ஊரும் அதன் சிற்பங்களும் உலகச் செய்திகளில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே கொரோனா காரணமாகச் சின்னங்கள் மூடப்பட்டன. பயணிகளை நம்பியிருந்த பட்டறைகள் தவித்தன. கோயில் வேலை வைத்திருந்தவர்கள் ஓரளவு தாங்கினர், சிறு சிலைகளை மட்டும் நம்பியவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. வேறிடத்தில் செய்ததை மகாபலிபுரம் சிற்பம் என்று விற்பதை அது தடுக்கிறது. ஆனால் பலகையைச் செதுக்கிய தனி மனிதரின் பெயரை அது தானாகச் சொல்வதில்லை. 1999 ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. குறியீடு பெற்ற பொருளை உண்மையில் செய்வோர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவரே குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்தும் உரிமை உடையவர்.

கோயில் திருமேனியில் சிற்பி பெயர் எழுதாதது மரபு. வழிபடும் உருவம் செய்தவருக்கு உரியது அன்று என்பதே அதன் கருத்து. வீட்டுச் சுவரில் பதிக்கும் பலகைக்கு அம்மரபு பொருந்த வேண்டியதில்லை. பலகையின் பின்புறம் சிற்பியின் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் பொறித்துத் தருமாறு வாங்குபவர் கேட்கலாம். உளிக்கு அது சில நிமிட வேலை. வார்ப்புப் பொருளிலிருந்து கைவேலையைப் பிரித்தறியவும் அது உதவும்.

பூஞ்சேரிப் பாறையில் பல்லவர் காலத் தொழிலாளர் தம் பெயரைப் பொறித்துவைத்ததால்தான் குணமல்லனும் கொல்லன் சேமகனும் இன்று அறியப்படுகின்றனர். அப்பாறை மாமல்லபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.